கற்பனைச் செடியும் கங்கைப் பாறையும்

"ஓடும் ஆற்றின் நடுவே வாழும் ஒரு தாவரத்தைக் கற்பனை செய்க. அதன் இசைவாக்கங்களைக் காரணங்களுடன் விளக்குக."

கடந்த ஆண்டு முதலாம் தவணையில் எங்கள் உயிரியல் ஆசிரியை தந்த ஒப்படை இது. ஒரு பக்கம் படம், இரண்டு பக்கம் விளக்கம், புள்ளி எதுவும் இல்லை. "புள்ளி இல்லாவிட்டால் எதற்கு மிஸ்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆசிரியை சிரித்துக்கொண்டே அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அந்தக் குரல் வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. அடுத்து நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து, "பிள்ளைகள் இல்லாத செடியைக் கீறிக்கொண்டிருந்தால் இருக்கிற பாடத்தை யார் படிக்கிறது?" என்று கேட்டார். மண்டபத்தில் இருந்த பலர் தலையசைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த என் உம்மாவும் தலையசைத்தார் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்தத் தாயாரின் கேள்விக்கு நான் சொல்ல விரும்பும் பதிலே இந்தக் கட்டுரை. கூட்டத்தில் எழுந்து சொல்லும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. எழுத்தில் சொல்கிறேன்.

முதலில், அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சுபஹுத் தொழுத கையோடு நாங்கள் கொப்பியைத் திறக்கிறோம். பாடசாலை விட்டதும் பிரத்தியேக வகுப்பு. வீடு திரும்பும்போது மஃரிப் பாங்கு கேட்கும். வாப்பாமார் கடையில் நின்றும் கடல் கடந்து சென்றும் உழைக்கும் பணத்தில் பெரும்பங்கு வகுப்புக் கட்டணமாகப் போகிறது. இசட் புள்ளியில் ஒரு சிறு தசமம் குறைந்தாலும் எதிர்பார்த்த பீடம் கைநழுவிப் போகும். இப்படியிருக்கும்போது ஒரு பின்னேரத்தைக் கற்பனைச் செடிக்குக் கொடுப்பது வீண்செலவு என்று ஒரு தாய்க்குத் தோன்றுவது இயல்பு.

ஆனால் என் அனுபவம் வேறாக இருந்தது. இருக்கிற பாடத்தை நான் உண்மையில் படித்திருக்கவில்லை என்பதை எனக்குக் காட்டித் தந்தது அந்த இல்லாத செடிதான்.

நான் முதலில் படைத்த செடிக்குக் 'கங்கைராணி' என்று பெயர் வைத்தேன். தாம்பாளம் போன்ற அகன்ற இலைகள் நீர்மேல் மிதக்கும். இலைக்காம்புக்குள் பெரிய காற்றறைகள். இலையின் மேற்பரப்பில் இலைவாய்கள், அதன்மேல் மெழுகுப் படை. தண்டு மென்மையானது, காழ் மிகக் குறைவு. வேர் ஆற்றின் அடிவரை ஆழமாக இறங்கியிருக்கும். ஆண்டு முழுவதும் வாசனையுள்ள ஊதாப் பூக்கள். நிறப் பென்சிலால் கீறி, அம்புக்குறி போட்டுப் பெயரிட்டிருந்தேன். நீர்த்தாவரங்களின் இசைவாக்கங்கள் என்று தவணைப் பரீட்சையில் கேட்டபோது இதே பட்டியலை எழுதித்தான் முழுப்புள்ளி பெற்றிருந்தேன். ஆகவே இதிலும் பிழை இருக்காது என்ற நம்பிக்கை.

ஒப்படை திரும்பி வந்தபோது அதில் சரி அடையாளமும் இல்லை, பிழை அடையாளமும் இல்லை. சிவப்பு மையில் ஐந்து கேள்விகள் மட்டும் இருந்தன.

"வெள்ளம் வரும் நாளில் இந்த அகன்ற இலைக்கு என்ன நடக்கும்?"

"ஆற்றின் நடுவே பாறை. ஆழமான வேர் எதற்குள் இறங்கும்?"

"ஆண்டு முழுவதும் பூப்பதென்றால், செடி முழுவதும் நீருக்குள் மூழ்கியிருக்கும் மாதங்களில் மகரந்தம் எப்படிப் போய்ச் சேரும்?"

"விதை விழுந்ததும் ஆறு அதை எங்கே கொண்டுபோகும்?"

"இத்தனையும் செய்ய உணவு வேண்டும். செடி எதை விட்டுக்கொடுத்தது?"

அடியில் ஒரு வரி: "இது குளத்துச் செடி. ஆற்றில் விட்டுப் பார்."

அந்த வரியைப் படித்ததும் முகம் சுருங்கிப் போனது. நான் மனப்பாடம் செய்திருந்தது தாமரைக்கும் நீராம்பலுக்கும் உரிய பட்டியல். அவை நிற்கும் நீரில் வாழ்பவை. குளத்தின் அடியிலுள்ள சேற்றில் ஒட்சிசன் குறைவு. அதனால்தான் இலையிலிருந்து வேர்வரை காற்றைக் கொண்டுசெல்லும் அறைகள் அவற்றுக்குத் தேவை. பாறையில் மோதி நுரைத்து ஓடும் நீரிலோ ஒட்சிசன் தாராளமாகக் கரைந்திருக்கிறது. அங்கே காற்றறைகள் தேவையில்லை. தேவையில்லை என்பது மட்டுமல்ல, காற்று நிறைந்த பருத்த காம்பும் அகன்ற இலையும் ஓட்டத்துக்குப் பிடிகொடுத்து, செடி முழுவதையும் பிய்த்துக்கொண்டு போகவே வழிசெய்யும். எனக்கு முழுப்புள்ளி வாங்கித் தந்த பட்டியல் என் செடியை ஒரே வெள்ளத்தில் கொன்றுவிட்டது.

இரண்டாவது முறை எழுதுவதற்கு முன் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மகாவலி எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைத்தூரத்தில் ஓடுகிறது. பாடசாலைக்குப் போகும்போதும் வரும்போதும் பாலத்தின்மேல் பஸ்ஸிலிருந்து அதைப் பார்க்கிறேன். ஆனால் பதினொரு வயதுக்குப் பிறகு அந்த ஆற்றில் நான் கால் வைத்ததில்லை. நானாமார் பின்னேரம் குளிக்கப் போவார்கள். பெண்பிள்ளைகளுக்கு ஆற்றங்கரையில் என்ன வேலை? இதை நான் முறைப்பாடாகச் சொல்லவில்லை. எங்கள் பாதுகாப்பை நினைத்துத்தான் பெரியவர்கள் அப்படிச் செய்தார்கள். ஆனாலும் 335 கிலோமீற்றர் நீளமான நாட்டின் மிகப் பெரிய ஆறு பக்கத்தில் ஓட, அதைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் கொப்பியில் எழுதிய இந்த நீளம்தான் என்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

வாப்பாவிடம் கேட்டேன். "படிப்புக்குத்தானே, வா போவோம்" என்றார். பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. மழை இல்லாத காலம். ஆறு வற்றிப்போய், நடுவிலிருந்த பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. கரையோரத்து மருத மரங்கள் வேர்களை விரித்து மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு நீருக்குள் இறங்கினேன். முழங்கால்வரைகூட ஆழமில்லாத இடம்தான். ஆனாலும் நீர் காலை இழுத்த இழுப்பில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆசிரியையின் முதலாவது கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது. அந்த ஓட்டத்தில் எந்த அகன்ற இலையும் நிற்காது.

நீர் விலகிய பாறைகளின்மேல் கபில நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. "காய்ந்த பாசி, வழுக்கும், கவனம்" என்றார் வாப்பா. நானும் பாசி என்றுதான் நினைத்தேன். என்றாலும் சிறு துண்டொன்றைச் சுரண்டிக் கடதாசியில் மடித்துக்கொண்டேன்.

மறுநாள் ஆசிரியை அதைக் கைவில்லையில் வைத்துப் பார்க்கச் சொன்னார். காய்ந்த தோல்போன்ற பகுதியிலிருந்து மயிரளவு காம்புகள் எழுந்திருந்தன. ஒவ்வொரு காம்பின் நுனியிலும் எள்ளை விடச் சிறிய ஒரு காய். சில வெடித்திருந்தன. "பாசி காய்க்காது, பிள்ளை" என்றார் ஆசிரியை. "இது பூக்கும் தாவரம்."

அதன் குடும்பத்தின் பெயர் பொடோஸ்டெமேசியே. உலகில் ஏறத்தாழ 300 இனங்கள், பெரும்பாலும் வெப்பவலய நாடுகளின் ஆறுகளில், ஓட்டம் கடுமையான பாறைகளின்மேல் மட்டும் வாழ்கின்றன. பார்வைக்குப் பாசி போலவோ பாறைமேல் படியும் லைக்கன் போலவோ இருக்கும். ஆனால் பூவும் காயும் விதையும் கொண்டவை. மரபணு ஆய்வுகளின்படி இவற்றின் நெருங்கிய உறவுக் குடும்பங்களில் வருபவை எவை தெரியுமா? மங்குஸ்தான், மீன் ஆணத்துக்கு நாங்கள் போடும் கொறக்கா, எங்கள் நாட்டின் தேசிய மரமான நாகமரம். பாறையில் ஒட்டிய அந்தக் கபிலத் தோலுக்கும் வானுயர நிற்கும் நாகமரத்துக்கும் உறவு என்பதை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

என் ஐந்து கேள்விகளுக்கும் அந்தச் செடி ஏற்கெனவே விடை சொல்லியிருந்தது.

வெள்ளத்துக்கு என்ன விடை? உயரமாக வளர்வதை அது விட்டுவிட்டது. உடல் தட்டையாகப் பாறையோடு ஒட்டிக் கிடக்கிறது. இலைகள் சிறியவை, ஓட்டத்தோடு வளைந்துகொடுப்பவை.

மண்ணில்லாத பாறையில் வேருக்கு என்ன வேலை? பல இனங்களில் வேர் கீழே இறங்காமல் பாறையின்மேல் நாடாவைப் போலப் படர்கிறது. அது பச்சை நிறம். ஆம், வேரே ஒளித்தொகுப்புச் செய்கிறது. வேரின் அடிப்பக்கத்து மயிர்களும் பற்றுறுப்புகளும் பசை போன்ற பொருளால் பாறையைப் பிடித்துக்கொள்கின்றன. உறிஞ்சும் வேலை வேருக்கு மட்டும் உரியதல்ல, உடலின் மேற்பரப்பு முழுவதும் நீரிலிருந்து தேவையானதைப் பெறுகிறது.

காற்றறைகள்? இல்லை. மற்ற நீர்த்தாவரங்களின் முதல் அடையாளமாக நாங்கள் எழுதும் அந்த அம்சம் இந்தக் குடும்பத்தில் காணப்படுவதில்லை.

பூ எப்போது? நீர்மட்டம் இறங்கும்போது. மாதக்கணக்கில் நீருக்குள் வளர்ந்து, மொட்டை ஆயத்தமாக வைத்திருந்து, வறட்சியில் பாறை வெளியே தெரியும் சில நாட்களுக்குள் பூத்துக் காய்த்து விதையை முடித்துவிடுகிறது. அதன்பின் வெயிலில் உடல் காய்ந்துபோகிறது. நான் சுரண்டி எடுத்தது அந்த வேலையை முடித்துவிட்ட ஓர் உடல்.

விதை ஆற்றோடு போகாதா? பெரும்பாலானவை போய்விடும். அதனால்தான் எண்ணிக்கையில் மிக அதிகமாக, தூசியளவில் விதைகள். நீர் பட்டதும் விதையின் மேலுறை வழுவழுப்பாகிப் பசைபோல மாறும். பாறையில் படும் அதிர்ஷ்டமுள்ள விதை அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

ஐந்தாவது கேள்விதான் எனக்குப் பெரியதாகப்பட்டது. செடி எதை விட்டுக்கொடுத்தது? உயரத்தை விட்டுக்கொடுத்தது. பெரிய இலையை, பருத்த தண்டை, விதைக்குள் உணவைச் சேமித்து வைக்கும் வசதியை விட்டுக்கொடுத்தது. நிற்கும் நீரிலும் நிலத்திலும் வாழும் வாய்ப்பையும் விட்டுக்கொடுத்தது. குளத்தில் விட்டால் அது வாழாது. இசைவாக்கம் என்பதை நான் அதுவரை ஒரு பரிசுப் பட்டியல் போலப் படித்திருந்தேன். தாவரத்துக்கு இது கிடைத்தது, அது கிடைத்தது என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு, ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு மட்டுமே உதவும் என்பது எந்தக் கடந்தகால வினாத்தாளைச் செய்தபோதும் எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது முறை நான் கீறிய செடிக்குப் 'பாறைத்தோல்' என்று பெயர். அழகில்லை, வாசனையில்லை. "இது செடியா, சொறியா?" என்று என் தோழி சிரித்தாள். ஆனால் வெள்ளத்தில் நின்றது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்து இந்தச் செடிகளைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கு முன்பே உலகம் பேசியிருக்கிறது. 1896 முதல் 1912 வரை பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோன் கிறிஸ்டோபர் வில்லிஸ் என்ற ஆங்கிலேயர், பூங்காவைச் சுற்றி ஓடும் மகாவலியின் பாறைகளில் இவற்றைத் தேடி ஆராய்ந்தார். இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ள இனங்களைப் பற்றி 1902 இல் விரிவான ஆய்வை வெளியிட்டார். 1914 இல் இன்னொரு கட்டுரை எழுதினார். அதில் அவர் கேட்ட கேள்வி வியப்பானது. இந்தச் செடிகள் எல்லாம் ஒரே வகையான இடத்தில், ஒரே ஓட்டத்தில், ஒரே பாறையில் வாழ்கின்றன. அப்படியிருக்க அவற்றின் வடிவங்கள் மட்டும் ஏன் இத்தனை வேறுபாடு கொண்டிருக்கின்றன? எல்லா வேறுபாட்டையும் இசைவாக்கம் என்று எப்படிச் சொல்வது?

அவர் எடுத்த முடிவுகள் எல்லாவற்றையும் இன்றைய விஞ்ஞானிகள் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஒரு தாவரத்தில் காணும் எதையும் உடனே "இது இன்னதற்கான இசைவாக்கம்" என்று எழுதிவிடும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் பாறைகளின் நடுவே நின்று பார்த்த ஒருவர் அவ்வளவு எளிதாக அப்படி எழுதவில்லை. எங்கள் ஆற்றிலிருந்து பிறந்த அந்தக் கேள்வியை எங்கள் ஊர் உயிரியல் மாணவியர் அறியாமல் இருப்பது என்ன நியாயம்?

ஆற்றுச் செடிகளில் இது ஒன்று மட்டுமல்ல. கிரிப்டோகொரைனே என்ற பேரினத்தில் இலங்கைக்கு மட்டுமே உரிய இனங்கள் பல எங்கள் ஆறுகளிலும் ஓடைகளிலும் வளர்கின்றன. அவற்றுள் வென்டியி என்ற இனம் உலகெங்கும் வீட்டு மீன்தொட்டிகளில் மிக விரும்பி வளர்க்கப்படும் செடிகளில் ஒன்று. எங்கோ ஒரு நாட்டில் எங்கள் வயதுப் பெண் ஒருத்தி கண்ணாடித் தொட்டியில் அதை வளர்த்துப் பெயரும் தெரிந்து வைத்திருப்பாள். அதன் சொந்த நாட்டில் இருக்கும் நான் போன ஆண்டுதான் அந்தப் பெயரைக் கேட்டேன்.

இரண்டாவது ஒப்படையிலும் ஆசிரியை ஒரு கேள்வி எழுதியிருந்தார். "ஆறு மாறினால்?"

அதைப் படித்தபோது ஒப்படை விளையாட்டாக இருக்கவில்லை. என் பாறைத்தோல் வெள்ளத்தைத் தாங்கும், வறட்சியைப் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் இரண்டும் தத்தம் காலத்தில் வர வேண்டும். மழைக்காலத்தில் நீர் உயராவிட்டால் அது வளராது. வறண்ட காலத்தில் நீர் இறங்காவிட்டால் அது பூக்காது. ஆற்றின் குறுக்கே அணை எழுந்தால் மேற்பக்கத்துப் பாறைகள் நிரந்தரமாக ஆழத்தில் மூழ்கிவிடும். ஓட்டம் நின்ற நீரில் வண்டல் படிந்து பாறையை மூடிவிடும். கீழ்ப்பக்கத்தில் நீர் மழையைப் பார்த்து வராது, மின்சாரத் தேவையைப் பார்த்து வரும். பருவத்துக்கு இசைந்த செடிக்கு அந்த நேர அட்டவணை விளங்காது.

மகாவலியில் 1976 இல் பொல்கொல்ல அணைக்கட்டு வந்தது. 1985 இல் விக்டோரியா, 1986 இல் ரந்தெனிகல, 1990 இல் ரந்தம்பே. அதன் கிளையாற்றில் 1985 இல் கொத்மலை. இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் இரவில் படிக்கும் வெளிச்சமும் வரண்ட வலயத்து வயல்களுக்குப் பாயும் நீரும் இவற்றிலிருந்தும் வருகின்றன. நாங்கள் உண்ணும் சோற்றில் அந்த நீர் இருக்கிறது. ஆனால் இனி ஓர் ஆற்றை மறிக்க முடிவெடுக்கும் மேசையில், பாறையில் ஒட்டியிருப்பது பாசியல்ல என்று அறிந்த ஒருவர் இருக்க வேண்டும். அந்த மேசையில் நாளை இருக்கப்போகும் பொறியியலாளரும் அதிகாரியும் இன்று எங்கள் வயதில் எங்கேயோ பட்டியல் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். பாசி என்று நினைத்து மிதித்துப் போன ஒன்றை அழிப்பதில் யாருக்கும் மனம் உறுத்துவதில்லை. பெயர் தெரியாத ஒன்று இல்லாமல் போனாலும் யாரும் தேடுவதில்லை.

அணையைப் பற்றிப் பேசும்போது எங்கள் கைகளையும் பார்க்க வேண்டும். அன்று வாப்பாவுடன் போனபோது மருத மர வேர்களில் சொப்பிங் பேக்குகள் தோரணம்போலத் தொங்கின. பிள்ளைகளுக்குக் கட்டும் பம்பர்ஸ், கோழி இறகு, சோற்றுப் பார்சல் தாள். இவற்றை எறிந்தது எந்த அணையும் அல்ல. சுத்தம் ஈமானின் ஒரு பகுதி என்று சுவரில் எழுதி வைத்திருக்கும் நாங்கள்தான். வுழூச் செய்யும்போது ஓடும் ஆற்றின் பக்கத்தில் இருந்தாலும் நீரை வீணாக்கக் கூடாது என்று சிறுவயதில் மத்ரஸாவில் ஓதிக்கொடுத்தார்கள். ஆற்றை அழுக்காக்குவதைப் பற்றிச் சொல்லித் தரவும் வேண்டுமா?

சில பெற்றோருக்கு இன்னொரு தயக்கமும் இருப்பதை அறிவேன். இசைவாக்கம், இயற்கைத் தேர்வு என்றெல்லாம் பிள்ளைகள் ஆழமாக யோசிக்கப் போனால் நம்பிக்கை தளர்ந்துவிடுமோ என்ற அச்சம். எனக்கு நடந்தது வேறு. கைவில்லைக்குள் அந்தக் காயைப் பார்த்த நொடியில் என் வாயிலிருந்து தானாகவே வந்த சொல் சுப்ஹானல்லாஹ். படைப்பைப் பார்த்துச் சிந்திக்கும்படி குர்ஆன் மீண்டும் மீண்டும் அழைக்கிறது. பார்க்காமல் எப்படிச் சிந்திப்பது? மனப்பாடம் செய்த பட்டியலைப் பார்த்து எனக்கு ஒருபோதும் அந்தச் சொல் வந்ததில்லை.

ஆகவே எங்கள் பெற்றோரிடமும் தோழியரிடமும் மூன்று கோரிக்கைகள்.

ஒன்று, புள்ளி இல்லாத ஒப்படையைத் தவணைக்கு ஒன்றாவது எங்களுக்கு விட்டுவையுங்கள். புள்ளி இல்லாததால்தான் நான் பிழைவிடப் பயப்படவில்லை. பிழைவிட்டதால்தான் தாமரையின் காற்றறை எதற்கு என்பது எனக்கு விளங்கியது. பரீட்சையில் "ஏன்" என்று தொடங்கும் கேள்வி வந்தால் கைகொடுக்கப்போவதும் அந்த விளக்கம்தான். எனவே அந்தப் பின்னேரம் பரீட்சைக்கும் வீணாகவில்லை.

இரண்டு, ஆண்டுக்கு ஒருமுறையாவது பெண்பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு, வயலுக்கு, காட்டோரத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். தனியாகப் போக அனுமதி கேட்கவில்லை. நீங்கள் கூட வாருங்கள். உயிரியலை நான்கு சுவருக்குள் இருந்து படித்து முடிக்கும் மருத்துவரும் ஆசிரியையும் உருவாகலாம். ஆனால் எங்கள் ஆற்றைப் பற்றி எழுதப்போகும் அடுத்த ஆராய்ச்சியாளர் எங்கள் கல்லூரியிலிருந்து வர வேண்டுமென்றால் அவள் ஒரு நாளாவது அந்த நீரில் கால் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது தோழியருக்கு. பட்டியலை மனப்பாடம் செய்யுங்கள், நானும் செய்கிறேன், வேறு வழியில்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் இரண்டு கேள்விகளை எழுதிப் பாருங்கள். இது எந்த இடத்துக்கு? இதற்கு என்ன விலை? விடை தெரியாத வரிகளே உண்மையில் நாங்கள் படிக்க வேண்டிய பாடம்.

இந்தக் கட்டுரையை, "அந்தச் செடியைப் போல நாமும் சோதனைகளில் பற்றிப்பிடித்து நிற்போம்" என்று முடிக்கத்தான் முதலில் எண்ணினேன். பிறகு விட்டுவிட்டேன். அந்தச் செடி எங்களுக்கு உபதேசம் செய்ய அங்கே ஒட்டியிருக்கவில்லை. அதற்கு அதன் வேலை இருக்கிறது. அது தொடர்ந்து அங்கே இருப்பதற்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

இப்போது ஆறு நிறைந்து ஓடுகிறது. பாலத்தின்மேல் பஸ் போகும்போது பாறைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அந்தக் கலங்கல் நீருக்கடியில் பச்சை வேர்கள் படர்ந்துகொண்டிருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். பெப்ரவரியில் நீர் இறங்கும்போது மீண்டும் போவதாக வாப்பா சொல்லியிருக்கிறார். காய்ந்த உடலைத்தான் சென்ற முறை கண்டேன். இம்முறை சற்று முந்திப் போனால் பூவைக் காணலாம், இன்ஷா அல்லாஹ்.

இந்தக் கட்டுரையை உம்மாவிடம் படித்துக் காட்டினேன். பெற்றோர் கூட்டத்தில் தலையசைத்ததை எழுதியதற்குக் கொஞ்சம் கோபம். பிறகு, "நீங்கள் போகும் நாளில் நானும் வாறேன்" என்றார்.